கேத வீட்டுப் பாட்டு

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் எங்கள் தெருவில் எனக்குக் கேதம் நடந்தது. பெஞ்சு போட்டார்கள், ஆள் கூடியது, வெளியூருக்குச் சாவுச் சேதி போயிற்று. செத்துப்போனதாகச் சொல்லப்பட்ட நான் அப்போது பின்கட்டில் தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்துக்கொண்டிருந்தேன்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு பாட்டு. எண்பதுகளில் வந்த படத்துப் பாட்டு. படத்தின் பெயரைச் சொன்னால் இப்போது யாருக்கும் தெரியாது. கோவில்பட்டியில் அது இரண்டு வாரம்கூடத் தாங்கவில்லை. கதாநாயகன் தோணிக்காரன், கதாநாயகி கரையில் நிற்கிறவள், நடுவில் மீசை முறுக்கிக்கொண்டு ஒரு மீன் ஏலக்காரன். அவ்வளவுதான் கதை. ஆனால் அந்தப் பாட்டு இருக்கிறதே, 'கரையில் நிற்கிறேன் தோணிக்காரா' என்று தொடங்கும். முதலில் வெறும் புல்லாங்குழல். பிறகு வார்த்தையே இல்லாமல் ஒரு பெண்குரல் இழுத்துக்கொண்டு வரும். கேட்கிறவர்கள் கையில் இருக்கிற வேலை அப்படியே நின்றுபோகும். படம் போன இடம் தெரியவில்லை, பாட்டு இன்னும் போகிறது. மினிபஸ்ஸில் போடுகிறார்கள். டிவிப் போட்டியில் பால்பல் விழாத பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு பாடுகின்றன, நடுவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு எந்தத் தோணிக்காரன் வரவேண்டியிருக்கிறதோ தெரியவில்லை. எங்களை மட்டும் என்ன சொல்வது? ஆற்றையே ஒழுங்காகப் பார்த்திராத கரிசக்காட்டுப் பெண்கள் அத்தனை பேரும் தோணிக்காரனுக்காக ஏங்கிக்கொண்டு திரிந்தோம்.

எனக்கும் என் தங்கை பாண்டிச்செல்விக்கும் அது சொந்தப் பாட்டு மாதிரி. இடைசெவல் பக்கம் எங்கள் ஊர். அம்மா சீக்கிரம் போய்விட்டாள். செல்விக்குத் தலை பின்னியது, சோறு ஊட்டியது எல்லாம் நான்தான். விடிவதற்கு முன்னால் தீப்பெட்டி ஆபீஸ் பஸ் வந்து எங்களை அள்ளிக்கொண்டு போகும். எங்கள் பக்கம் தொழிற்சாலை என்று சொல்கிற வழக்கம் கிடையாது, ஆபீஸ்தான். எதிரும் புதிருமாக உட்கார்ந்து லேபிள் ஒட்டுவோம். ரேடியோவில் அந்தப் பாட்டு வந்தால் செல்வியின் கை பசையிலேயே நின்றுவிடும். மேஸ்திரி என்னைத்தான் ஏசுவார்.

படத்துக்கு அப்பா விட மாட்டார் என்று, ஆபீசில் கூடுதல் வேலை என்று பொய் சொல்லி மேட்னி போனோம். இரண்டாம் தடவையும் போனோம். கொட்டகையில் கூட்டமே இல்லை. கடைசியில் தோணி கரைக்கு வந்து சேரும், கதாநாயகி தண்ணீருக்குள் ஓடுவாள். இரண்டு தடவையும் அந்த இடத்தில் செல்வி விக்கி விக்கி அழுதாள். வந்துட்டான்லா, பெறகு எதுக்குட்டி அழுத என்று அவள் முதுகில் ஒன்று வைத்தேன். வந்துட்டானேன்னுதான் அழுதேன் என்றாள். அவள் அப்படித்தான். எதை எப்போது அழுவது என்பதில் அவளுக்கு ஒரு தனிக் கணக்கு.

பிறகு நான் சாமித்துரைக்கு வாழ்க்கைப்பட்டுக் கோவில்பட்டிக்கு வந்தேன். அவளைக் கழுகுமலையில் கொடுத்தோம். பஸ் ஏறினால் முக்கால் மணி நேரம். வாரத்துக்கு ஒரு தடவையாவது ஒருத்தி வீட்டில் மற்றவள் இருப்பாள். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, அவள் மகள் ஐஸ்வர்யா கல்யாணம் வரும் வரை.

அப்போது நானும் அவரும் மகன் சக்திகுமாரோடு ஓசூரில் இருந்தோம். ஒரு நாள் போன் டிங் என்றது. பார்த்தால் கல்யாணப் பத்திரிகை. வாட்ஸ்அப்பில். கீழே இரண்டு கைகூப்பும் படம். சொந்த அக்காவுக்கு, தாய் ஸ்தானத்தில் இருப்பவளுக்கு, நேரில் வந்து வெற்றிலை பாக்கு வைத்து அழைக்காமல், பால்காரருக்கு அனுப்புவது மாதிரி அனுப்பியிருக்கிறாள். ஓசூர் தூரம்தான், அவள் வீட்டுக்காரருக்கு முட்டுவலிதான், இல்லையென்று சொல்லவில்லை. ஒரு வார்த்தை போனில் வாய் திறந்து கூப்பிட்டிருக்கலாமா இல்லையா? நான் போகவில்லை. தாய்மாமன் முறைக்கு ஆளில்லாத வீட்டில் பெரியம்மாவும் வராமல் சபையில் தன்னைத் தலைகுனிய வைத்துவிட்டேன் என்று அவள் ஊரெல்லாம் சொன்னாள். அதோடு பேச்சு நின்றது. அவள் புருஷன் நெஞ்சுவலியில் போனது கொரோனா காலம், ஓசூரைத் தாண்ட யாரையும் விடவில்லை. என் வீட்டுக்காரர் போனதும் அதே காலத்தில்தான். இரண்டு கேதத்துக்கும் இரண்டு பேரும் போகவில்லை. நாட்டில் யாருமே போகவில்லை, எங்களைச் சொல்ல என்ன இருக்கிறது. ஆனால் பேச்சு இல்லாத வீட்டில் வராமல் போனது எல்லாமே ஒரே கணக்கில்தான் ஏறும்.

அவர் போன பிறகு ஓசூரில் மூன்றாம் மாடியில் என்னால் இருக்க முடியவில்லை. மகனும் மருமகளும் நல்லவர்கள்தான். காலையில் போனால் இருட்டித்தான் வருவார்கள். தனியாக இருக்கத்தான் வேண்டுமென்றால் என் வீட்டில் இருக்கிறேன் என்று கோவில்பட்டிக்கு வந்துவிட்டேன். வந்து பார்த்தால் தெருவில் பாதி முகம் புதுசு. கதவைத் திறந்து வைத்தாலும் ஒருவர் எட்டிப் பார்ப்பதில்லை. எதிர்வீட்டுச் சத்தியபாமா மட்டும் கோலம் போடும்போது சாப்டாச்சா அத்த என்று கேட்பாள். காலை ஆறு மணிக்கு யார் சாப்பிட்டிருப்பார்கள்? இருந்தாலும் கேட்டாளே என்று ஆச்சு என்பேன். அந்த ஒரு வார்த்தையோடு அன்றைய பேச்சு முடிந்துவிடும் நாட்கள் உண்டு.

மகன் ஒரு ஸ்பீக்கர் பெட்டி வாங்கி அனுப்பியிருந்தான். சொம்பு அளவுதான், சத்தம் கோயில் கொடைத் திருவிழாவுக்கு வைக்கிற மாதிரி. அந்த வெள்ளிக்கிழமை சீயக்காய் கரைத்து வைத்துவிட்டு, தோணிக்காரா பாட்டைத் தேடிப் போட்டுவிட்டு, முன்கதவைத் தாழ் போட்டுப் பின்கட்டுக்குப் போனேன். எதை அழுத்தினேனோ, பாட்டு முடிந்ததும் திரும்பவும் அதே பாட்டு வந்தது. வரட்டும் என்று விட்டுவிட்டேன். நல்ல பாட்டு நாலு தடவை வந்தால் என்ன குறைந்துவிடும்?

எண்ணெய் போக அலசி, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வந்து கதவைத் திறந்தேன். வாசலில் நீளமாக ஒரு பெஞ்சு. அதில் ஆண்கள். சுவர் ஓரமாகப் பெண்கள், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு. ஒருவர் போனில் ஐஸ் பெட்டி எப்போ வரும் என்று கேட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் போனைக் காதிலிருந்து எடுக்காமலே எழுந்து நின்றார்.

யாருக்கு என்ன என்று பதறிப்போய் நான்தான் கேட்டேன். உள்ளே பாட்டு மறுபடியும் புல்லாங்குழலில் தொடங்கியது.

சத்தியபாமாதான் விஷயத்தைச் சொன்னாள். நான் ஊரில் இல்லாத காலத்தில் என் பாட்டுக்கு வேறு வாழ்க்கை அமைந்துவிட்டது. மைக் செட் சுடலைக்குமார் ஒரு வாத்தியார் வீட்டுக் கேதத்தில் அதை முதல் பாட்டாகப் போட்டாராம். தெருவே குலுங்கி அழுததாம். அடுத்த கேத வீட்டில் அதையே போடச் சொன்னார்களாம். அப்புறம் அதுவே சட்டமாகிப்போனது. இப்போது அந்தப் புல்லாங்குழல் கேட்டால் போனது யாரு என்றுதான் கேட்பார்களாம். யாரோ ஒருத்தன் போனில் அதை ரிங்டோனாக வைத்துக்கொண்டு காதுகுத்து வீட்டுக்குப் போய் ஏச்சு வாங்கியிருக்கிறான். என் வீட்டுக்குள்ளிருந்து அது திரும்பத் திரும்பக் கேட்கிறது, கதவு தாழ் போட்டிருக்கிறது, தட்டினால் திறப்பார் இல்லை. சொந்தக்காரர் யாரோ வந்து உள்ளே உட்கார்ந்து அழுகிறார் என்று அவர்களாகவே முடிவு கட்டிவிட்டார்கள்.

"அது காதல் பாட்டுல்லா. கடைசில தோணி வந்துரும். படத்த ஒருத்தராவது பாத்தியளா?" என்று கேட்டேன்.

ஒருவரும் பார்க்கவில்லை. பாட்டுதான் தெரியும், படம் எது என்றே தெரியாது என்றார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அந்தப் பெண்குரல் இழுக்கிற இழுப்பில் நாங்கள் கல்யாணத்தையும் கணவனையும் பிள்ளைகளையும் பார்த்தோம். இவர்கள் அதில் பாடையைக் கட்டிவிட்டார்கள். ஒரு பாட்டு வீட்டைவிட்டுக் கிளம்பினால் யார் வீட்டில் போய்க் குடித்தனம் நடத்தும் என்று அதை எழுதினவருக்கே தெரியாதுதான். அதற்காக இப்படியா?

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். வந்தவர்கள் உடனே போகவில்லை. சிரித்தார்கள், திட்டினார்கள், உட்கார்ந்தார்கள். யாரோ டீ வாங்கி வந்தார்கள். பெண்கள் உள்ளே வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தார்கள், அவர் படத்தைப் பார்த்து எப்போ என்று விசாரித்தார்கள், அடுக்களை நல்லா காத்தோட்டமா இருக்கு என்றார்கள். ஒருத்தி என் ஈரத்தலையைத் தொட்டுப் பார்த்து இந்த வயசில் இவ்வளவு முடியா என்றாள். நான் திரும்பி வந்த பிறகு இந்த வீட்டுக்குள் இவ்வளவு பேச்சுச் சத்தம் கேட்டது அன்றுதான். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகவே இருந்தது. இந்தத் தெருவில் பெஞ்சு போட வேண்டுமென்றால் செத்தால்தான் போடுவார்கள் போலிருக்கிறது என்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தேன். பிறகு ஒவ்வொருவராக வேலைக்குக் கிளம்பினார்கள். பெஞ்சையும் தூக்கிக்கொண்டு போனார்கள்.

சத்தியபாமா மட்டும் போகாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் சரியில்லை. என்ன என்றேன். என் மகன் நம்பர் தெருவில் யாரிடமும் இல்லையாம். அவளுக்குப் பிறந்த ஊர் கழுகுமலை. அம்மா வீட்டுக்குப் போன் போட்டு, பாண்டிச்செல்வி நம்பர் வாங்கி, நேராகச் சொல்லியே விட்டாளாம், அக்கா போய்ட்டாங்க என்று.

"என்ன சொன்னா?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமே சொல்லல அத்த. போன் கீழ விழுந்த சத்தம்தான் கேட்டுச்சு. மன்னிச்சிருங்க. இப்பமே திரும்பப் போட்டுச் சொல்லிருதேன்."

அவள் நம்பரைத் தேடத் தொடங்கிவிட்டாள். நான் அவள் கையைப் பிடித்தேன். யோசித்துச் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். கை தானாகப் போனது.

"வேண்டாம். வரட்டும்" என்றேன்.

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பாவம்லா அத்த என்றாள். என் தங்கச்சி, எனக்குத் தெரியும் என்று சொல்லி அவளை அனுப்பிவிட்டேன். பேச்சு இல்லாதவர்களும் கேதத்துக்கு வந்துவிடுவார்கள், எங்கள் பக்கம் அது உண்டு. வருவாளா மாட்டாளா என்பது இல்லை, வருவாள். வந்து என்னை உயிரோடு பார்ப்பாள். பார்த்தால் என்ன செய்வாள்? படத்தில் தோணி வந்தபோது அழுதாளே, அப்படி அழுவாள். பிறகு என் முதுகில் ஒன்று வைப்பாள். அப்புறம் சாப்பிட உட்காருவோம். பத்திரிகை, கல்யாணம், சபை எதையும் நான் எடுக்கப் போவதில்லை. அவள் எடுத்தாலும் சரி சரி என்று விட்டுவிடலாம். எனக்கு யாரையும் ஜெயிக்க வேண்டியதில்லை. எதிரே உட்கார்ந்து ஒருத்தி சாப்பிட வேண்டும், அவள் செல்வியாக இருக்க வேண்டும். வேறொன்றும் கேட்கவில்லை நான்.

உலை வைத்தேன். அவளுக்குக் கானப்பயறுத் துவையல் என்றால் உயிர். வறுத்து, மிளகாயும் பூண்டும் வைத்து அரைத்தேன். நல்ல சேலை ஒன்றை எடுத்துக் கட்டினேன். பாட்டை எப்போதோ நிறுத்திவிட்டிருந்தேன். பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோவில் வருவாளா, நடந்து வருவாளா என்று யோசித்துக்கொண்டே இரண்டு தரம் வாசலுக்குப் போய் வந்தேன்.

நடந்துதான் வந்தாள். தெரு முக்கில் அவள் குரல் முதலில் கேட்டது. கேத வீட்டுக்கு வருகிற பெண்கள் முக்கிலேயே ஒப்பாரியைத் தொடங்குவார்கள், தெரிந்ததுதான். ஆனால் என்னைப் பாடுகிற ஒப்பாரியை நான் கேட்பேன் என்று யார் கண்டது?

அந்த இடத்திலேயே நான் வெளியே ஓடியிருக்க வேண்டும். எழுந்தேன், கதவு வரைக்கும் போனேன். அப்போது காதில் விழுந்தது.

"என் கூடப் பொறந்த பொறப்பே,
எனக்குச் சோறு பெசஞ்ச கையே,
பேசாமத்தான் இருந்தேன் நான், நீ
போயிருவன்னு நெனைக்கலையே..."

கதவுக்குப் பின்னால் அப்படியே நின்றுவிட்டேன். இன்னும் ஒரு அடி கேட்போம், இன்னும் ஒரு அடி கேட்போம் என்று நின்றேன். தலை பின்னியதைச் சொன்னாள். அம்மா செத்த அன்றைக்கு அவளை என் மடியில் போட்டுக்கொண்டதைச் சொன்னாள். எனக்கே மறந்துபோன ஒரு பச்சைப் பாவாடையைச் சொன்னாள். போனைக் கையில் எடுத்து எடுத்து வைத்ததைச் சொன்னாள். நீ கூப்பிடுவாய் என்று நான், நான் கூப்பிடுவேன் என்று நீ என்றாள். இத்தனை வருசம் ஒரு வார்த்தைக்குப் பட்டினி கிடந்தவளுக்கு வழியெல்லாம் வாரிக் கொட்டினால் எப்படி இருக்கும்? எனக்குப் போதவில்லை. தெருவிலிருந்து யாராவது ஓடி வந்து அவளிடம் உண்மையைச் சொல்லிவிடுவார்களோ என்றுகூடப் பயந்தேன். நல்லவேளை, எல்லோரும் வேலைக்குப் போயிருந்தார்கள், சத்தியபாமாவும் வெளியே வரவில்லை.

வாசல் வரை வந்ததும் பாட்டு தடுமாறியது. பெஞ்சு இல்லை, ஆள் இல்லை. உள்ளே வந்தாள். தலை அவிழ்ந்து கிடந்தது. கையில் ரோஜா மாலை. நடுவீட்டில் யாரையும் கிடத்தவில்லை, அடுக்களையிலிருந்து துவையல் வாசம் வருகிறது. திரும்பினாள். நான் கதவுக்குப் பின்னால், கட்டின நல்ல சேலையோடு நின்றுகொண்டிருந்தேன்.

எவ்வளவு வயசாகிவிட்டது அவளுக்கு. முன்பல் ஒன்று இல்லை.

"வந்துட்டியா. சாப்பிட வா" என்றேன். சிரிக்கக்கூடச் செய்தேன் என்று நினைக்கிறேன்.

அவள் அழவில்லை. என் முதுகிலும் வைக்கவில்லை. தரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். நான் பாட்டையும் குளித்ததையும் சத்தியபாமா போன் போட்டதையும் மடமடவென்று சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தாள். எல்லாம் சொல்லி முடித்த பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"நான் வாரது ஒனக்குத் தெரியுமா?"

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. தெரியும் என்றேன்.

"முக்குல இருந்து அழுதுகிட்டு வாரேன். உள்ள நின்னு கேட்டுகிட்டா இருந்த?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். உன் குரலைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று, அதனால்தான் என்று சொல்ல வந்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"பஸ்ஸுல நின்னுகிட்டே வந்தேன். கண்டக்டரு எந்திரிச்சு அவரு சீட்டக் குடுத்தாரு, உக்கார முடியல. ஒனக்காக என்னென்ன அழணுமோ அம்புட்டையும் அழுதாச்சு. மிச்சமில்ல" என்றாள். தரையில் கையை ஊன்றி எழுந்துகொண்டே, "நெசமா ஒரு நாளு நீ போவ. எனக்குப் போன் வரும். அன்னைக்கு நான் வர மாட்டேன்க்கா" என்றாள்.

முகத்துக்கு நேராக அக்கா என்று கூப்பிட்டுவிட்டாள். அதற்காகத்தான் இத்தனை வருசம் காத்திருந்தேன். அதை வர மாட்டேன் என்பதோடு சேர்த்துச் சொல்வாள் என்று நான் நினைக்கவில்லை. ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு ஏசு என்றேன். துவையல் அரைத்திருக்கிறேன் என்றேன். கேத வீட்டில் யாராவது சாப்பிடுவார்களா என்பது மாதிரி என்னைப் பார்த்தாள்.

மாலையை எங்கே வைப்பது என்று சுற்றும் முற்றும் பார்த்தாள். செத்தவருக்கு என்று வாங்கின மாலையை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோகக் கூடாது. உயிரோடு இருப்பவள் கையில் கொடுக்கவும் முடியாது. கடைசியில் வாசல்படி ஓரமாக மெதுவாக வைத்தாள். பிறகு வாசல் குழாயடிக்குப் போனாள். வாளியில் தண்ணீர் இருந்தது. சேலையோடு குனிந்து சொம்பால் மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டாள். கேதத்துக்கு வந்தவர்கள் குளிக்காமல் போவார்களா? வாளி தீரும் வரை ஊற்றினாள். நான் துண்டை எடுத்துக்கொண்டு ஓடினேன். நீட்டினேன். அவள் முந்தானையைப் பிழிந்து அதிலேயே தலையைத் துவட்டிக்கொண்டாள்.

சத்தியபாமா அவள் வீட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். செல்வி ஈரக்கூந்தலை முடிந்துகொண்டு தெருவில் இறங்கினாள். ஈரச்சேலையோடு பஸ்ஸில் எப்படிப் போவாய் என்று கேட்டேன். வெயிலில் காய்ந்துவிடும் என்பது மாதிரி ஒருமுறை மேலே பார்த்தாள், நடந்தாள்.

போயிட்டு வாரேன் என்று அவள் சொல்லவில்லை. கேத வீட்டிலிருந்து யாரும் அப்படிச் சொல்லிக்கொண்டு போவதில்லை.